சைமன் காசிச் செட்டி: ஆட்சிப் பணியும் தமிழ்ப் புலவர் வரலாறும்

தமிழ் இலக்கிய வரலாறு எழுதப்பட்ட வரலாற்றைக் கூற முற்படுவோர் பெரும்பாலும் கால்டுவெல், தாமோதரம்பிள்ளை, சாமிநாதையர் ஆகியோரின் பெயர்களோடு தொடங்குவர். அவர்கள் செய்த தொண்டு அத்தகையது. ஆயினும் அவர்களுள் பிற்பட்ட இருவரும் சங்க நூல்களை அச்சேற்றத் தொடங்குமுன்னரே, தமிழ்ப் புலவர் ஏறத்தாழ இருநூற்றுவரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டி ஒரே நூலாக வெளியிட்டார் ஒருவர். அவர் பேராசிரியர் அல்லர். மடத்தில் கற்ற வித்துவானும் அல்லர். இலங்கைத் தீவின் மேற்குக் கரையில் ஒரு சிறு துறைமுக ஊரிற் பிறந்து, அரசாங்க மொழிபெயர்ப்பாளராகவும், முதலியாராகவும், சட்டமன்ற உறுப்பினராகவும், நீதிபதியாகவும் வாழ்ந்தவர். சைமன் காசிச் செட்டி (1807–1860) என்பது அவர் பெயர்.

இவரை நம் தென்னார்க்காட்டு வாசகர்க்கு அறிமுகஞ் செய்வதற்கு ஓர் ஒப்புமை துணை செய்யும். நம் பகுதியின் ஊர், ஆறு, குடி, வருவாய், பழமை ஆகியவற்றை முதன்முதலாக ஒழுங்குபடத் தொகுத்த நூல், கார்ஸ்டின் என்னும் ஆங்கில அதிகாரி 1878-இல் வெளியிட்ட தென்னார்க்காடு மாவட்டக் கையேடு ஆகும். மஞ்சக்குப்பத்தில் அமைந்த கலெக்டர் அலுவலகத்தின் ஆவணங்களைக் கொண்டு, ஆள்வோர்க்கு உதவும்பொருட்டு அது எழுந்தது. அதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்னரே, 1834-இல், இலங்கைத் தீவு முழுவதற்கும் அத்தகையதொரு நூல் வெளிவந்துவிட்டது. அதனை எழுதியவர் அம்மண்ணிலேயே பிறந்த தமிழர். அப்பொழுது அவருக்கு வயது 27.

ஆட்சியாளர்க்குத் தம் நாட்டையும் மக்களையும் விவரித்துக் கூறிய அதே மனிதர், தம் மக்கள் மறந்துகொண்டிருந்த புலவர்களின் பெயர்களையும் திரட்டி வைத்தார். இவ்விரு பணிகளும் ஒரே கையால், ஒரே முறையில் செய்யப்பட்டவை. எனினும் அவற்றின் விளைவுகள் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கற்பிட்டியும் முதலியார் பதவியும்

புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய தீபகற்பத்தில் கற்பிட்டி அமைந்துள்ளது. கண்டி மன்னரின் நாட்டிற்குப் புத்தளத்தின் வழியே செல்லும் வாணிகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு ஏற்ற இடம் அது. ஆதலால் போர்த்துக்கேயர் அங்கே நிலைகொண்டனர். அவர்களை அகற்றிய ஒல்லாந்தர் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே கோட்டை கட்டினர். 1795-இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. தமிழரும், சோனகரும், சிங்களவரும், ஐரோப்பியர் வழித்தோன்றல்களும் அடுத்தடுத்து வாழ்ந்த அவ்வூரில், ஒரு நாள் பேச்சிலேயே நான்கு மொழிகளைக் கேட்க முடியும்.

இவ்வூரில் 1807-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கொழும்புச் செட்டிகள் எனப்படும் சமூகத்தைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் காசிச் செட்டி பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் சிங்களமும் கற்றுத் தேர்ந்தார். வேறு பல மொழிகளிலும் பயிற்சி உடையவர் எனப் போற்றப்பட்டார். இளமையிலேயே புத்தளத்தில் அரசாங்க மொழிபெயர்ப்பாளராக அமர்ந்து, பின்னர் முதலியார் பதவி பெற்றார்.

முதலியார் என்னும் சொல்லைத் தமிழ்நாட்டு வாசகர் இங்கே சாதிப் பெயராகக் கொள்ளலாகாது. இலங்கையில் அது ஒரு பதவியின் பெயர். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் நிலவி, ஆங்கிலேயரும் ஏற்றுக்கொண்ட உள்நாட்டுத் தலைமைப் பதவி அது. மக்களின் முறையீட்டை அதிகாரியிடத்தும், அதிகாரியின் கட்டளையை மக்களிடத்தும் கொண்டுசெல்பவர் முதலியார். இருதரப்பாரும் அவரை நம்பியாக வேண்டும். இருதரப்பாரும் அவரை ஐயுறவும் கூடும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் நிலையும் இத்தகையதே. வழக்காடுவோர் சாதி வழக்கத்தையும், மரபுரிமையையும், திருமண முறையையும் தத்தம் மொழியிற் கூற, நீதிபதி விளங்கிக்கொள்ளும் வகையில் அதனை ஆங்கிலத்தில் எடுத்துரைப்பது அவர் கடமை. ஒரு சமூகத்தின் வழக்கங்களை அறிவதற்கு இதனினும் சிறந்த பள்ளி வேறில்லை. காசிச் செட்டியின் ஆராய்ச்சிகள் அனைத்திற்கும் வித்து இப்பணியிலேயே இடப்பட்டது எனலாம்.

2. தீவு முழுவதற்கும் ஓர் அகராதி

1832-இலும் 1833-இலும் இலங்கையின் ஆட்சிமுறை பெரும் மாற்றம் அடைந்தது. கோல்புறூக்கு, கமரன் ஆகிய இருவரும் விசாரணை செய்து அளித்த பரிந்துரைகளின்படி, ராஜகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. கரையோரப் பகுதிகளும் கண்டிப் பகுதிகளும் ஒரே ஆட்சியின்கீழ் கொணரப்பட்டு, தீவு ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது. சட்டமன்றம் ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. புதிதாக ஒன்றாக்கப்பட்ட ஒரு நாட்டை ஆள்வதற்கு, அந்நாட்டைப் பற்றிய செய்திகள் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும். அத்தேவை எழுந்த வேளையிலேயே காசிச் செட்டியின் நூல் வெளிவந்தது.

'சிலோன் கசற்றியர்' எனப்பட்ட அந்நூல், 1834-இல் கோட்டையில், திருச்சபை மிஷனரிச் சங்கத்தாரின் அச்சகத்தில் அச்சிடப்பட்டது. கொழும்புக்கு அருகிலுள்ள அக்கோட்டை, பழைய சிங்கள மன்னரின் தலைநகராக இருந்த ஊர். மாவட்டங்கள், நகரங்கள், முதன்மையான சிற்றூர்கள், துறைமுகங்கள், ஆறுகள், ஏரிகள் ஆகியவற்றைப் பற்றிய செய்திகளையும், மக்களின் ஒழுகலாறு, வேளாண்மை, வாணிகம், கைத்தொழில், வருவாய், மக்கட்டொகை, சமயம் ஆகியவற்றைப் பற்றிய குறிப்புகளையும் அந்நூல் ஒருங்கே தருகின்றது. வால்ட்டர் ஆமில்ற்றன் என்பார் இந்தியாவைப் பற்றி 1815-இல் வெளியிட்ட கசற்றியர் போன்ற நூல்கள் இவ்வகைக்கு முன்மாதிரிகளாக இருந்தன.

இவ்வகை நூலின் இயல்பை நாம் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊரொன்றின் பெயரைத் தலைப்பாக எழுதி, அதன் கீழ் தொலைவு, குடி, விளைபொருள், கோயில், பழங்கதை ஆகியவற்றைச் சுருங்கக் கூறி, அடுத்த ஊருக்குச் செல்வது அதன் முறை. அகர வரிசையில் அமைவதால், பேரூரும் சிற்றூரும் அருகருகே நிற்கும். எவரும் பொருட்படுத்தாத ஒரு கடற்கரைக் குப்பம்கூட அங்கே தனக்கென ஓரிடம் பெறும். இதே முறையை, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஊர்களுக்குப் பதிலாகப் புலவர்களுக்குக் காசிச் செட்டி கையாண்டார் என்பதை இங்கே நினைவில் இருத்திக்கொள்வோம்.

3. சட்டமன்றத்தில் தமிழர் இடம்

1833-இல் நிறுவப்பட்ட இலங்கைச் சட்டமன்றத்தில் உறுப்பினர் 15 பேர். அவர்களுள் ஒன்பதின்மர் அரசாங்க அதிகாரிகள். எஞ்சிய அறுவரும் அதிகாரிகள் அல்லாதோர். ஐரோப்பியர் மூவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர் என்னும் விகிதத்தில் ஆளுநரால் நியமிக்கப்பட்டனர். தமிழருக்குரிய இடத்தை முதலிற் பெற்றவர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி. அவர் 1836-இல் மறைந்தபின், அவ்விடத்துக்கு 1838-இல் சைமன் காசிச் செட்டி நியமனம் பெற்று, 1845 வரை உறுப்பினராக இருந்தார்.

இந்நியமனத்தின் சிறப்பை உணர்வதற்கு அக்காலத்துச் சென்னை மாகாணத்தை நோக்குவோம். சென்னையில் இந்தியர் ஒருவர் சட்டமன்றத்தில் அமர்ந்தது 1861-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே. ஆகவே, ஆங்கில ஆட்சியின் சட்டமன்றமொன்றில் தமிழர் இடம்பெறும் வாய்ப்பு, தமிழ்நாட்டைவிட இலங்கையில் கால் நூற்றாண்டு முந்தியே கிட்டியது. எனினும் அவ்வாய்ப்பின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. உறுப்பினரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, ஆளுநர் தேர்ந்தெடுத்தார். அதிகாரிகள் ஒன்பதின்மரும் ஒருங்கே வாக்களித்தால், ஏனைய அறுவரின் கருத்து ஒரு தீர்மானத்தையும் மாற்ற இயலாது.

காசிச் செட்டி உறுப்பினராக இருந்த காலத்தில் அம்மன்றத்தின் வழியே வந்த சட்டங்களுள் இரண்டைக் குறிப்பிடலாம். உரிமை நிறுவப்படாத தரிசு நிலங்களையும் காட்டு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ளும் சட்டம் 1840-இல் இயற்றப்பட்டது. கோப்பித் தோட்டங்கள் பெருகுவதற்கு அது வழி திறந்தது. அடிமை முறையை முற்றிலும் ஒழிக்கும் சட்டம் 1844-இல் நிறைவேறியது. முன்னதனால் நிலத்தை இழந்தோரும், பின்னதனால் விடுதலை பெற்றோரும் அம்மன்றத்தில் அமர்ந்திருக்கவில்லை. ஒரு மக்களினம் முழுவதற்கும் ஒருவரே பேச்சாளர் என்னும் ஏற்பாடு, அவ்வினத்துள்ளேயே தாழ்த்தப்பட்டுக் கிடந்தோரின் குரலுக்கு இடமளிக்கவில்லை. ஒருவருடைய குணத்தைப் பொறுத்த குறையன்று இது; ஏற்பாட்டின் குறை.

1845-க்குப் பின்னர் காசிச் செட்டி சிவில் சேவையில் இடம்பெற்று, சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகப் பணியாற்றினார். உள்நாட்டார் அத்தகைய பதவிகளை அடைதல் அரிதாக இருந்த காலம் அது. சட்டமன்றப் பணிக்கிடையே, 1841-இல் 'உதயாதித்தன்' என்னும் தமிழ் மாத இதழையும் அவர் நடத்தினார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமாரின் 'உதயதாரகை' தோன்றியதும் அதே ஆண்டிலேயாம்.

4. குடிகளின் தோற்றம் குறித்த கட்டுரைகள்

இலண்டனில் இயங்கிய வேத்தியல் ஆசியச் சங்கத்தின் இதழில், இலங்கைச் சோனகரின் பழக்கவழக்கங்களைப் பற்றியும், பரவரின் தோற்றம், வரலாறு ஆகியவற்றைப் பற்றியும் 1836, 1837 ஆகிய ஆண்டுகளில் காசிச் செட்டி எழுதிய கட்டுரைகள் வெளிவந்தன. 1845-இல் அச்சங்கத்தின் இலங்கைக் கிளை கொழும்பில் தோன்றியபின், அதன் இதழிலும் அவர் எழுதினார். யாழ்ப்பாணத்தின் பழைய வரலாறு, விசயன் வந்திறங்கிய இடமெனக் கருதப்பட்ட தம்மன்ன நுவரையின் அமைவிடம், மிகவும் ஒதுக்கப்பட்ட மக்களாகிய ரொடியரின் சொற்கள், தமிழ்ப் புலவரை வகைப்படுத்தும் முறை என அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் பலவாகும். தமிழரின் சாதிகளையும், வழக்கங்களையும், இலக்கியத்தையும் பற்றித் தனியே விரிவாகவும் எழுதினார்.

இக்கட்டுரைகளின் பயனை மறுக்க இயலாது. ரொடியரின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டுச் சொற்களை எழுதி வைத்தவர் அக்காலத்தில் எத்தனை பேர்? உயர்ந்தோர் தொடாத மக்களின் மொழியும் ஆராய்தற்குரியது என்று முதலியார் ஒருவர் கருதியது போற்றத்தக்கது.

ஆயினும், குடிகளின் தோற்றத்தை ஆராயும் பணி ஆட்சியோடு நெருங்கி நிற்கும்போது ஓர் இடர் எழுகின்றது. சட்டமன்ற இடங்கள் இனவாரியாகப் பகுக்கப்பட்டிருந்த நாட்டில், 'இவர் யார், எங்கிருந்து வந்தார்' என்னும் வினா பழமை ஆராய்ச்சியோடு முடிவதில்லை. 'இவருக்குத் தனியிடம் உண்டா' என்னும் வினாவாக அது மாறுகின்றது. பின்னாளில் நிகழ்ந்ததே இதற்குச் சான்று. 1888-இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று அதே ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் வாதிட்டார். அடுத்த ஆண்டில், 1889-இல், சோனகருக்கெனச் சட்டமன்றத்தில் தனியிடம் அளிக்கப்பட்டது. 1907-இல் ஐ. எல். எம். அப்துல் அசீசு இராமநாதனின் கருத்தை மறுத்து எழுதினார். இவ்விவாதத்தின் கசப்பு நெடுங்காலம் நிலைத்தது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் அமைதியாக எழுதப்பட்ட வழக்கக் குறிப்புகள் சார்ந்திருந்த துறை, இவ்வாறு அரசியற் களமாயிற்று.

இதனைக் காசிச் செட்டியின் குற்றமாக நாம் சுமத்துவது முறையன்று. மக்களைப் பெயரிட்டு வகுத்துக் கூறும் அறிவு, யாருடைய கையிற் சென்று சேர்கின்றது என்பதைப் பொறுத்துப் பயன் மாறும் என்பதே நாம் உணரத்தக்கது.

5. தமிழ்ப் புளூடார்க்கு

காசிச் செட்டியின் பெயரை நிலைநிறுத்திய நூல் 1859-இல், அவர் மறைவதற்கு ஓராண்டு முன்னர், யாழ்ப்பாணத்தில் ரிப்ளி, ஸ்திறோங்கு அச்சகத்தில் ஆங்கிலத்தில் வெளிவந்த 'தமிழ்ப் புளூடார்க்கு' ஆகும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பண்டுதொட்டு அக்காலம் வரை வாழ்ந்த ஆண்பாற் புலவர், பெண்பாற் புலவர் ஆகியோரின் வாழ்க்கைச் சுருக்கம் எனத் தலைப்பிலேயே அதன் எல்லை கூறப்பட்டுள்ளது. அகத்தியர், அப்பர், ஔவையார், கம்பர், திருவள்ளுவர் போன்று யாவரும் அறிந்தோரும், ஒரு சிறு நூலையோ சில தனிப்பாடல்களையோ மட்டும் விட்டுச்சென்ற அறியப்படாதாரும் அங்கே வரிசையாக நிற்கின்றனர். கடலின் இருகரைப் புலவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டது குறிப்பிடத்தக்கது. நம் பண்ணுருட்டியை அடுத்த திருவாமூரிற் பிறந்த அப்பரும், யாழ்ப்பாணத்துப் புலவர்களும் ஒரே இலக்கியத்தின் மக்கள் என்று அந்நூல் சொல்லாமற் சொல்கின்றது.

நூலின் பெயரும் சிந்தனைக்குரியது. புளூடார்க்கு என்பார் கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிரேக்க அறிஞர். அவருடைய நாடு உரோமப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவர் கைரோனேயா என்னும் தம் சிற்றூரிலேயே வாழ்ந்து, அவ்வூரின் ஆட்சிப் பதவிகளை வகித்து, தெல்பிக் கோயிலிலும் பணியாற்றியவர். கிரேக்கப் பெரியோர் ஒருவரின் வரலாற்றையும் உரோமப் பெரியோர் ஒருவரின் வரலாற்றையும் இணையாக நிறுத்தி எழுதுவது அவர் முறை. ஆளப்படும் மக்களுக்கும் ஆள்வோர்க்கு நிகரான முன்னோர் உண்டு என்பது அம்முறையாற் பெறப்படும் கருத்து. பேரரசொன்றின்கீழ் தம் ஊர்ப் பகுதியின் பதவி வகித்துக்கொண்டு, தம் மக்களின் பெரியோரை நினைவில் நிறுத்திய காசிச் செட்டிக்கு அப்பெயர் பல வகையிலும் பொருந்துவதாகும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கிரேக்கருடைய நூலில் ஒவ்வொருவர்க்கும் உரோமத் துணை தேவைப்பட்டது. தமிழருடைய நூலில் கம்பருக்குப் பக்கத்தில் ஆங்கிலப் புலவர் எவரும் நிறுத்தப்படவில்லை. தமிழ்ப் புலவர் தம் வரிசையிலேயே நிற்கின்றனர்.

கசற்றியரின் அகர வரிசை முறை இங்கே புதிய பயனைத் தருகின்றது. சமயத்தாலோ, சாதியாலோ, மடத்தாலோ, குருபரம்பரையாலோ புலவர்கள் பிரிக்கப்படவில்லை. அதற்கு முன்னர் நம்மிடையே வழங்கிய அடியார் வரலாறுகளும் தலபுராணங்களும் ஒரு சமயத்தின் அன்பர்க்காக எழுந்தவை. புலவர் என்னும் தகுதி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு யாவரையும் ஒரு நூலுள் அடக்கியது பெரியதொரு மாற்றம். ஊர்களை அகர வரிசையில் அடுக்கப் பழகிய கை அதனை இயல்பாகச் செய்து முடித்தது.

6. நூலின் குறைகள்

இன்றைய ஆராய்ச்சியை அளவாகக் கொண்டு நோக்குவோர்க்கு இந்நூலின் குறைகள் எளிதிற் புலப்படும். புலவர்களின் காலத்தைக் கணிப்பதற்கு அவர் நம்பியவை பெரும்பாலும் செவிவழிச் செய்திகளும், தனிப்பாடல்களும், உரைகளின் முன்னுரைகளுமே. எடுத்துக்காட்டாக, கம்பர் இராமாயணத்தை அரங்கேற்றிய ஆண்டு சகம் 807, அதாவது கி.பி. 885, என்று கூறும் தனிப்பாடல் ஒன்று அக்காலத்துக் கற்றோரிடையே பெரிதும் மதிக்கப்பட்டது. பிற்காலத்து அறிஞர் பலர் கம்பரை 12-ஆம் நூற்றாண்டினராகக் கொள்வர். ஒரே பெயரையுடைய புலவர் பலர் வெவ்வேறு காலத்தில் வாழ்ந்தனர் என்னும் தெளிவும் அந்நாளில் ஏற்பட்டிருக்கவில்லை. ஔவையார் பலர் என்பது பின்னரே வலியுறுத்தப்பட்டது.

இக்குறைகளுக்குரிய காரணத்தையும் நாம் அறிதல் வேண்டும். 1859-இல் புறநானூறு அச்சில் இல்லை, பத்துப்பாட்டு இல்லை, சிலப்பதிகாரம் முழுமையாக இல்லை. கலித்தொகை 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு 1892-இலும், புறநானூறு 1894-இலும் வெளிவந்தன. கல்வெட்டுகளைத் தொடர்ந்து படித்து வெளியிடும் பணியும் நூற்றாண்டின் இறுதியிலேயே வலுப்பெற்றது. இவ்விரு கருவிகளும் இன்றி இலக்கிய வரலாறு எழுதுவது, விளக்கின்றி இரவில் ஊரை அளப்பது போன்றதாகும். காசிச் செட்டி தம் காலத்தில் வழங்கியவற்றைத் திரட்டினார். திரட்டியவை யாவும் வரலாறு அல்ல. ஆயினும், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கற்ற தமிழர் தம் புலவரைப் பற்றி என்ன நம்பினர் என்பதற்கு அந்நூலே நம்பத்தக்க சான்றாக நிற்கின்றது.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையே அது. அதிகாரிகளும், மிஷனரிமாரும், ஆங்கிலங் கற்ற இளைஞரும் அதனைப் படிக்க முடிந்தது. எவருடைய நாவில் அக்கதைகள் உலவினவோ, அவர்கள் அதனைப் படிக்க இயலவில்லை. தமிழரிடமிருந்து பெற்ற செய்தி தமிழரிடத்துத் திரும்பிச் செல்வதற்கு மேலும் 27 ஆண்டுகள் ஆயின.

7. பின்வந்தோர்

அத்திரும்பும் பணியைச் செய்தவர் ஆர்னல்டு சதாசிவம்பிள்ளை (1820–1895). அவர் மானிப்பாயைச் சேர்ந்தவர். அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர். ஆசிரியராகவும் உதயதாரகையின் ஆசிரியராகவும் பணிபுரிந்தவர். 1886-இல் அவர் வெளியிட்ட 'பாவலர் சரித்திர தீபகம்' நானூறுக்கு மேற்பட்ட புலவரின் வரலாறுகளைத் தமிழிலேயே தந்தது. காசிச் செட்டி இட்ட அடித்தளம் இரண்டு மடங்காக விரிந்தது. அதுமட்டுமன்றி, பொதுமக்களின் மொழியிலும் அமைந்தது. அதே செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பழைய இலக்கண இலக்கியங்களை அச்சேற்றிக்கொண்டிருந்த காலமும் அதுவே.

இக்கதையில் நம் சிதம்பரத்திற்கும் பங்குண்டு. திருமறையைத் தமிழில் பெயர்க்கும் பணியில் பார்சிவல் என்னும் மிஷனரிக்கு உதவியாக இருந்து, பின்னர்ச் சைவத்தின் காவலராக விளங்கிய ஆறுமுக நாவலர், 1864-இல் சிதம்பரத்தில் சைவப் பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அங்கே தலைமையாசிரியராக இருந்த கோப்பாய்ச் சபாபதி நாவலர் 1899-இல் 'திராவிடப் பிரகாசிகை' என்னும் நூலை வெளியிட்டார். தமிழின் வரலாற்றைச் சைவ மரபின் நோக்கில் கூறி, புதிய ஆராய்ச்சியாளரின் முடிவுகளை மறுப்பது அந்நூல். அகர வரிசையில் யாவரையும் சமமாக நிறுத்திய காசிச் செட்டியின் முறைக்கும், மரபின் ஒழுங்கே வரலாற்றின் ஒழுங்கு என்னும் சபாபதி நாவலரின் முறைக்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரிது. இருவரும் இலங்கைத் தமிழர். இருவரும் ஒரே புலவர் வரிசையைப் பற்றி எழுதினர். இலக்கிய வரலாறு எழுதுவது யார் நோக்கில் என்னும் வினா, அந்நாளிலேயே நம் மாவட்டத்தின் வாயிலுக்கு வந்துவிட்டது.

தமிழ்ப் புளூடார்க்கு 1946-இல் கொழும்பில் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அப்பதிப்பிற்குக் குறிப்புகள் எழுதினார். முதனூலை மாற்றாமல், அதன்மீது புதிய அறிவைச் சேர்த்த அம்முறை, முன்னோரின் நூலைப் போற்றுவதற்கு நல்லதொரு வழிகாட்டியாகும். 1982-இல் புதுதில்லியிலும் அந்நூல் மறுபதிப்பாக வெளிவந்தது.

8. மதிப்பீடு

காசிச் செட்டி வகித்த பதவிகள் அவருடன் முடிந்தன. இனவாரி நியமனத்தால் அமைந்த அச்சட்டமன்றம் பல திருத்தங்களுக்குப் பின் மறைந்தது. 1834-ஆம் ஆண்டுக் கசற்றியர் கூறும் குடித்தொகையும் வருவாயும் இன்று ஆட்சிக்குப் பயன்படா. அக்காலத்தை ஆராய்வோர்க்கே பயன்படும். குடிகளின் தோற்றத்தைப் பற்றிய கட்டுரைகளை நாம் எச்சரிக்கையுடன் படிக்கின்றோம். புலவர் வரலாறோ, குறைகள் யாவும் இருந்தும், தொடர்ந்து எடுத்தாளப்பட்டும் திருத்தப்பட்டும் வந்துள்ளது. அதனைத் திருத்தியோர் யாவரும் அதிலிருந்தே தொடங்கினர். ஆள்வோர் கேட்டதற்கு அவர் அளித்த விடைகளைவிட, எவரும் கேளாமலே அவர் திரட்டி வைத்த செய்திகள் நீண்ட நாள் வாழ்ந்தன.

நம் திருச்சபைகளில் இத்தகைய பணிக்கு இன்றும் இடமிருக்கின்றது. கடலூருக்கு 1740-இல் வந்து, 1758-இல் பிரெஞ்சுக்காரர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றிய பின் கல்கத்தாவுக்குச் சென்ற கிர்நாண்டரைப் பற்றி நூல்களிற் படிக்கின்றோம். அவரோடு உழைத்த தமிழ் உபதேசியார்கள், அவர்களிடம் எழுத்துக் கற்ற பிள்ளைகள், முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள் ஆகியோரின் பெயர்களுக்கு அத்தகைய இடம் கிட்டவில்லை. ஞானஸ்நானப் பதிவேடுகள், கல்லறைக் கற்கள், சபைக் கணக்குகள், முதியோர் நினைவில் நிற்கும் கீர்த்தனை ஆசிரியர்களின் பெயர்கள் ஆகியவை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றன. செல்லரித்த ஏட்டை மீட்பது கடினம். மறைந்த முதியவரின் நினைவை மீட்பது இயலாது.

இப்பணியை மேற்கொள்ளும் குருமாரும் உபதேசியாரும் சபை ஆசிரியரும் காசிச் செட்டியிடமிருந்து கற்கத்தக்கவை மூன்று. பெரியோர், சிறியோர் என்று பாராமல் யாவரையும் ஒரே வரிசையில் எழுதுதல் முதலாவது. கேட்டதைக் கேட்டவாறே எழுதி, யாரிடம் கேட்டது என்பதையும் குறித்து வைத்தல் இரண்டாவது. அவர் நூலிற் குறைவாகக் காணப்படும் இதனை நாம் நிறைவு செய்தல் வேண்டும். எவரிடமிருந்து செய்தியைப் பெற்றோமோ அவர்கள் படிக்கக்கூடிய மொழியிலேயே வெளியிடுதல் மூன்றாவது. ஒரு சபையின் பதிவேட்டிலுள்ள பெயர்களை அகர வரிசையில் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டா, பட்டமும் வேண்டா. புத்தளத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தம் அலுவலுக்கிடையே அவ்வாறுதான் தொடங்கினார்.